பேருக்குள் இருக்கும் ஆனந்தம்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காளவாசலைத் தாண்டுவதற்குள் பஸ் நிறைந்துவிட்டது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, மடியில் ஒயர் கூடை, கூடைக்குள் மருந்துக் கவர், கையில் ஒரு பழைய பைல் சகிதம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கழுத்துக் கயிற்றில் சின்னதாக ஒரு சிலுவை.

“எங்க தாயி போறீக?”

“உசிலம்பட்டிம்மா. நீங்க?”

“கருமாத்தூரு. பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன். மாத்திரை தீந்துபோச்சு.”

உங்களுக்கா என்று கேட்டேன். “எனக்கில்ல. எங்க நாத்தனாளுக்கு. வாதம் வந்து படுத்து ஏழு வருசமாச்சு. கல்யாணம் காட்சி பாக்காதவ. எங்கள விட்டா அவளுக்கு நாதியில்ல” என்றார். இன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார். மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்பதால், பஸ் ஒவ்வொரு நிறுத்தத்தில் நிற்கும்போதும் அவருக்குத் தவிப்பு.

நாகமலை புதுக்கோட்டை தாண்டியதும் அவரே ஆரம்பித்தார். “எல்லாரும் என்ன சொல்றாக தெரியுமா? நீ சிலுவை சுமக்குறவ, உனக்கு மோட்சம் நிச்சயம், சந்தோசமா சுமன்னு சொல்றாக. சுமக்குறவளுக்குத்தான தாயி தோளு வலி தெரியும்? எவளாச்சும் வந்து ஒரு நாளைக்குப் பீத்துணி அலசிப் போடட்டும். அப்புறமா மோட்சத்தப் பத்திப் பேசுவோம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், “அவங்க பேசுவாங்களாம்மா?” என்று கேட்டேன்.

“பேச்சு போயிருச்சு. ஆனா காலையில தலை சீவி விடுவேன் பாருங்க, அப்ப மட்டும் ஒரு சிரிப்பு வரும். வாய் ஒரு பக்கமாக் கோணிக்கும். சின்னப் பிள்ளையா இருந்தப்ப நான் இவளுக்குச் சடை பின்னி விட்டுருக்கேன். அந்த நெனப்பு போல. அதப் பாத்தா எனக்கும் சிரிப்பு வந்துரும்.” சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

செக்கானூரணி தாண்டிக் கருமாத்தூர் வந்தது. எழுந்து கூடையை எடுத்துக்கொண்டவர், அங்கிருக்கும் அருள் ஆனந்தர் கல்லூரியின் பெயரைக் கைகாட்டி ஒரு கேள்வி கேட்டார். “அந்தச் சாமிய வெட்டிக் கொன்னாகன்னு கோயில்ல சொல்றாக. வெட்டுப்பட்டவருக்கு ஆனந்தர்னு பேரு இருக்கே, அது எப்படி தாயி?”

நான் வாய் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அந்த அம்மா இறங்கிப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

லிஸ்பனிலிருந்து மறவர் சீமைக்கு

அருள் ஆனந்தரின் சொந்தப் பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647 மார்ச் 1ஆம் தேதி போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில், அரண்மனைச் செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அரண்மனையில் இளவரசர்களோடு சேர்ந்து வளர்ந்த பிள்ளை. ஒருமுறை கடும் நோயில் விழுந்தபோது, பிழைத்தால் ஓராண்டு காலம் இயேசு சபைத் துறவிகளின் அங்கியை அணிவிப்பதாகப் புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் அம்மா நேர்ந்துகொண்டார். நம்மூரில் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று மொட்டை போடுவதாக நேர்ந்துகொள்கிறோமே, அதைப் போலத்தான். பிள்ளை பிழைத்தான். வேண்டுதல்படி ஓராண்டு அங்கி அணிந்தான். ஆனால் அந்த அங்கி மனதை விட்டு இறங்கவில்லை. 15 வயதில் இயேசு சபையில் சேர்ந்துவிட்டான்.

1673இல் கப்பலேறி கோவா வந்தார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்குப் புறப்பட்டார். மதுரை மிஷன் என்றால் மதுரை நகரம் மட்டுமல்ல. தமிழ்நாட்டின் உள்பகுதியில் பெரும்பரப்பு அதற்குள் அடக்கம். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான ராபர்ட் டி நொபிலி தொடங்கி வைத்த வழி அது. வந்தவர்கள் தமிழ் படித்தார்கள், புலாலை விட்டார்கள், இந்த மண்ணின் துறவிகளைப் போல உடுத்தினார்கள். பிரிட்டோ எடுத்துக்கொண்டது பண்டாரசாமி கோலம். எல்லாச் சாதியாரும் பக்கத்தில் வந்து பேசக்கூடிய கோலம் அது. அப்போதுதான் அருளானந்தர் என்ற பெயரையும் ஏற்றார். யோவான் என்ற பெயருக்குக் கடவுள் அருளுள்ளவர் என்பது பொருள். அருள் அதிலிருந்து வந்தது எனலாம். ஆனந்தம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி.

அவருடைய அன்றாடத்தைப் பார்த்தால் ஆனந்தத்துக்கு இடமே தெரியவில்லை. சோறும் காய்கறியும்தான் உணவு. வெறும் தரையில்தான் படுக்கை. நடைதான் பயணம். போர்களும் பஞ்சமும் மாறி மாறி வந்த காலம். இந்தப் பக்கத்து வெயிலில் பங்குனி சித்திரை மாதங்களில் செருப்பில்லாமல் பத்தடி நடந்தவர்களுக்கு, அந்த நடை எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1686இல் மறவர் சீமையில் மங்கலம் என்ற ஊரில் அவரும் அவரோடிருந்த உபதேசியார்களும் பிடிபட்டார்கள். சமயம் பரப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. கட்டி வைத்து அடித்தார்கள். தண்ணீருக்குள் முக்கி எடுத்தார்கள். சுடுபாறையில் வெயிலில் கிடத்தினார்கள். பிறகு ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். கிழவன் சேதுபதி நேரில் விசாரித்து, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுதலை செய்தார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிபட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. வரலாறு பெரிய எழுத்தில் அவர் பெயரை எழுதியது. அவரோடு சேர்ந்து அடி வாங்கிய தமிழ் உபதேசியார்கள் நம் கிராமத்து ஆட்கள். அவர்களுக்கு லிஸ்பனும் கிடையாது, கப்பலும் கிடையாது. திரும்பிப் போனால் அதே ஊர், அதே வீடு. ஆனாலும் விட்டு விலகாமல் கூடவே இருந்தார்கள்.

அரண்மனை கூப்பிட்டபோது

கொஞ்ச நாளில் மேலிடம் அவரைப் போர்ச்சுகலுக்கு அனுப்பியது. 1688இல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். அப்போது அரியணையில் இருந்தவர் இரண்டாம் பெத்ரோ, சிறுவயதில் கூட வளர்ந்தவர். இங்கேயே இருந்துவிடுங்கள், இளவரசனுக்கு ஆசானாக இருங்கள் என்று கேட்டார். வயதான தாய் பக்கத்தில். உயிர் நண்பன் அரசன். உடம்பில் இன்னும் ஆறாத தழும்புகள். தங்கிவிட்டால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரோ அரண்மனை இருந்த ஊரிலும் மதுரைச் சீமையின் துறவுச் சாப்பாட்டையும் தரைப் படுக்கையையும் விடவில்லை. அங்கே எனக்குப் பதிலாக வர ஆளில்லை, இங்கே இளவரசனுக்கு ஆசான் எத்தனையோ பேர் கிடைப்பார்கள் என்ற நினைப்பு. 1690இல் மறுபடியும் கப்பல் ஏறிவிட்டார்.

என் பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது. அடியும் பசியும் பிடித்துப்போய் அவர் திரும்பி வரவில்லை. வலி யாருக்கும் பிடிக்காது. பிடித்தால் அது ஒரு கோளாறு. இந்தப் பக்கத்தில் அவர் பெயர் தெரிந்து வைத்திருந்த முகங்கள், அவர் வருவாரா என்று காத்திருந்த குடும்பங்கள், கூடவே அடிபட்ட அந்த உபதேசியார்கள் - அவர்களுக்காகத் திரும்பினார். துன்பம் அந்த வழியில் குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டித்தான் அவர்களிடம் போக முடியும் என்பதால் தாண்டினார்.

கடைசி நாட்கள் நமக்கு ஓரளவு தெரியும். தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவர் நோயிலிருந்து நலம் பெற்றுக் கிறிஸ்தவராக விரும்பினார். பல மனைவியரில் ஒருவரை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவர் அதற்கு ஒப்புக்கொண்டு 1693 ஜனவரியில் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியரில் இளையவர் சேதுபதிக்கு உறவுப் பெண். அவர் முறையிட்டதும் விஷயம் பெரிதானது. கோயில் பிரசங்கங்களில் இந்தப் பெண்ணை வில்லியாகச் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவளைக் கேட்காமல் எடுத்த முடிவில் ஒரே நாளில் வாழ்க்கை இழந்தவள் அவள். ஒருவருடைய புனிதமான முடிவுக்கு இன்னொருவர் விலை கொடுக்க நேர்ந்தால், அந்த இன்னொருவரின் கண்ணீரையும் கணக்கில் எழுத வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

அருளானந்தரைப் பிடித்து ஓரியூருக்கு அனுப்பினார்கள். திருவாடானைப் பக்கம், பாம்பாற்றங்கரை ஊர். சிறையிலிருந்து பிப்ரவரி 3ஆம் தேதி தன் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். சாவை எதிர்பார்த்திருப்பதாகவும், இத்தனை நாள் வேண்டிக்கொண்டது இதைத்தான் என்பதால் மனம் மகிழ்ச்சியாக இருப்பதாகவும், நல்லது செய்வதே குற்றமென்றால் அதற்காகப் படும் பாடு பெருமைதான் என்றும் அதில் எழுதியிருந்தார். மறுநாள், 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன். ஆற்றங்கரை மணல்மேட்டில் சற்று நேரம் முழங்காலிட்டு ஜெபித்தார். எழுந்து, தன்னை வெட்ட வந்தவரைக் கட்டித் தழுவினார். பிறகு கழுத்தை நீட்டினார். அப்போது அவருக்கு வயது 46 நிறையவில்லை.

செய்தி லிஸ்பன் போய்ச் சேர்ந்தபோது அரசர் நன்றித் திருப்பலிக்கு ஏற்பாடு செய்தார். அதற்கு அந்தத் தாய் துக்க உடையில் வராமல், விழாவுக்குரிய உடையில் வந்தார் என்று அவருடைய சரிதங்கள் சொல்கின்றன. பிள்ளை பிழைக்க வேண்டுமென்று அங்கி அணிவித்த அதே தாய். அவன் இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது தடுக்கப் பெரிய இடங்கள் வரை போய்ப் பார்த்த தாய். அந்த உடைக்குள் இருந்த மனசு எப்படித் துடித்திருக்கும் என்று ஒரு தாய்க்குத்தான் தெரியும். அன்று இரவு அவர் அழுதிருக்க மாட்டார் என்று நான் நம்பத் தயாராக இல்லை. அழுகையும் ஆனந்தமும் ஒரே மனசில் ஒரே நாளில் இருக்க முடியும்.

1947 ஜூன் 22ஆம் தேதி போப் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். கருமாத்தூரில் அவர் பெயரால் இயேசு சபையினர் 1970இல் தொடங்கிய கல்லூரிதான் அந்த அம்மா காட்டியது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் முதன்முதலாகப் பட்டம் பார்த்த எத்தனையோ குடும்பங்கள் அந்த வாசல் வழியே போனவைதான். ஓரியூரில் இன்றும் எல்லா மதத்துக்காரர்களும் வந்து அங்குள்ள சிவப்பு மணலைக் கொஞ்சம் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

கட்டிலில் 20 ஆண்டு

இது புனிதரின் கதை, ஒரே வெட்டில் முடிந்தது, என் பாடு ஏழு வருசமா தினமும் நடக்கிறதே என்று அந்த அம்மா கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு மதுரையிலிருந்து தெற்கே, திருநெல்வேலிச் சீமைக்குப் போக வேண்டும். களக்காடு பக்கத்தில் மலையடிவாரத்தில் டோனாவூர் என்ற ஊர். அங்கே வாழ்ந்தவர் ஏமி கார்மைக்கேல்.

வட அயர்லாந்தில் 1867இல் பிறந்தவர். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், அதற்குப் பிறகு 55 ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சொந்த ஊர் திரும்பவில்லை. 1901இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படுவோம் என்ற பயத்தில் தப்பியோடி அவரிடம் வந்தாள். அந்த வழக்கம் சட்டப்படி ஒழிய 1947 வரை ஆனது. அந்த ஒரு சிறுமியில் ஆரம்பித்துப் பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் அம்மாவானார். பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் டோனாவூரில் பிள்ளை வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள்.

1931 அக்டோபர் 24ஆம் தேதி, களக்காட்டில் புதிதாக எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். மங்கிய வெளிச்சத்தில், இருக்கக் கூடாத இடத்தில் தோண்டியிருந்த ஒரு குழிக்குள் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பழையபடி நடமாட அவரால் கடைசிவரை முடியவில்லை. 1951 ஜனவரி 18இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் அந்த ஒரே அறை, ஒரே கட்டில்.

அந்த அறையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று நோயாளிகளுக்காகவே எழுதியது. ஆரோக்கியமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் புத்தகங்கள் தனக்கு உதவவில்லை என்பதால், படுத்திருப்பவளிடமிருந்து படுத்திருப்பவர்களுக்கு என்று அதை எழுதினார். பஸ்ஸில் அந்த அம்மா சொன்னதும் இதே குறைதானே! எழுந்து நடமாடுபவர்கள் வந்து சந்தோஷமாக இரு என்று சொல்லிவிட்டுப் போவது, கட்டிலில் படுத்திருப்பவருக்கும் பிடிக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் பிடிக்கவில்லை.

ஏமி வலியை இனிப்பென்று சொல்லவில்லை. தூக்கமில்லாத இரவுகளைத் தூக்கமில்லாத இரவுகள் என்றுதான் எழுதினார். ஆனால் அந்த அறைக்குள் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். தாதிகள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பறவைகள் வந்தன. இறந்த பிறகு அவர் விருப்பப்படி கல்லறைக்குப் பெயர்ப்பலகை வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து, அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள்.

சீமோன் எங்கே?

இப்போது அந்த அம்மாவுக்கான பதிலுக்கு வருகிறேன்.

கஷ்டத்தில் சந்தோஷம் என்று பேசுகிறபோது கிறிஸ்தவர்கள் அடிக்கடி எடுப்பது பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபம். சிறையில் இருந்துகொண்டு எழுதியது. நாலே அதிகாரம், அதற்குள் மகிழ்ச்சி என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் கடைசி அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அது ஒரு நன்றிக் கடிதமும்கூட. சிறையில் கிடந்தவருக்கு அந்த ஊர்க்காரர்கள் ஓர் ஆள் மூலம் உதவி அனுப்பியிருக்கிறார்கள். என் கஷ்டத்தில் பங்கெடுத்தீர்கள், நல்லது செய்தீர்கள் என்று அதற்கு நன்றி சொல்கிறார். சந்தோஷமாக இரு என்று அவருக்குப் புத்தி சொல்லியனுப்பியதற்காக அந்த நன்றி எழுதப்படவில்லை.

சிலுவை சுமக்கிறாய் என்று அந்த அம்மாவிடம் சொல்பவர்கள், தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்பவர்களாகத்தான் இருப்பார்கள். ஐந்தாம் நிலை என்ன? சீரேனே ஊர் சீமோன், இயேசுவின் சிலுவையைச் சுமக்கத் தோள் கொடுக்கிறார். கல்வாரிக்குப் போன அந்தச் சிலுவையே ஒருவர் மட்டும் கடைசிவரை சுமந்ததில்லை. அருளானந்தருக்கு உபதேசியார்கள் இருந்தார்கள். ஏமிக்குத் தாதிகள் இருந்தார்கள். கருமாத்தூரில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் ஏழு வருடமாக நிற்கும் ஒருத்திக்கு மட்டும் ஏன் புத்திமதி மட்டும் போகிறது?

நம் வீடுகளில் தியாகி என்ற பட்டம் பல நேரம் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிடும் தந்திரம். அந்த ஒருவர் அநேகமாகப் பெண்ணாகத்தான் இருப்பார். “அவ பொறுமைசாலி, அவளால முடியும்” என்று சொல்லிவிட்டு அண்ணன் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆப்பிள் வைத்துவிட்டுப் போவார்கள். தன்னலமில்லாத அன்பு, ஒருவர் தானாகக் கொடுக்கும்போதுதான் அன்பு. அடுத்தவர் பிடுங்கினால் அது சுரண்டல். அருளானந்தருக்கு லிஸ்பனில் தங்கிவிட வழி இருந்தது. தானே முடிவெடுத்துத் திரும்பினார். அந்த இளைய மனைவிக்கு அப்படி ஒரு வழியை யாரும் வைக்கவில்லை. அதனால்தான் அவளை நினைவுபடுத்தினேன். தியாகத்தைப் பற்றிப் பேசும்போது, இதை இவள் தேர்ந்தெடுத்தாளா, இவள்மேல் ஏற்றி வைத்தோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

அப்படியானால் ஆனந்தம்? அது பொய்யா?

பொய்யில்லை. அந்த அம்மாவே எனக்குக் காட்டினார். தலை சீவும்போது நாத்தனார் சிரிப்பதைச் சொன்னாரே, அந்த ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தேன். ஏழு வருடக் களைப்பு அதில் இல்லை. துணி அலசுவதில் ஆனந்தமில்லை. முதுகுப் புண்ணில் ஆனந்தமில்லை. மோட்சம் கிடைக்கும் என்ற கணக்கிலும் இல்லை. தான் அன்பு வைத்திருக்கும் ஒருத்தி கோணல் வாயோடு சிரித்தாள், அதில் இருந்தது. லிஸ்பன் அரண்மனையை விட்டுவிட்டு இந்த வெயிலுக்கு ஒரு மனிதன் திரும்பி வந்ததும் இப்படி ஏதோ முகங்களைப் பார்க்கத்தான் என்று நினைக்கிறேன். விசுவாசம் அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தது: யாரும் பார்க்காத இந்த வேலையைக் கடவுள் பார்க்கிறார் என்ற தைரியம். நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்கும்போது விழித்திருக்கும் இன்னொருவர் இருக்கிறார் என்பது பெரிய துணை.

நமக்கும் இது புதிதல்ல. நீற்றறைக்குள் போடப்பட்ட அப்பர் அங்கே குளிர்ச்சியைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. வள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆனால் அதே வள்ளுவர்தான் ஒப்புரவு அறிதல் என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். துன்பத்தில் கலங்காதே என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, ஊரோடு சேர்ந்து உதவு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால், இரண்டு மூன்று உபயோகமான விஷயங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டிலேயே செய்வது அதில் அடங்கும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள். விவரத்துக்கு 104 என்ற எண்ணில் பேசலாம். பார்த்துக்கொள்பவருக்கே மனசு தாங்காமல் போனால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எரிச்சல் வருவதும், சில இரவுகளில் எல்லாம் முடிந்துவிடக் கூடாதா என்று தோன்றுவதும், பிறகு அப்படித் தோன்றியதற்காக அழுவதும் அன்பு குறைந்ததற்கான அடையாளமல்ல. உடம்பு ஓய்வு கேட்கிறது.

மற்றவர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போகும்போது ஆப்பிளும் ஆறுதலும் வேண்டாம். “நீங்க பூசைக்குப் போயிட்டு வாங்க, நான் ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். கோயிலானால் கோயில், தொழுகையானால் தொழுகை, ஒன்றுமில்லாவிட்டால் தூக்கம். எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் தலையும் சீவி விடுங்கள்.

கருமாத்தூர் அம்மா, நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை. உங்கள் வீட்டில் யாராவது செல்போனில் படித்துக் காட்டினால் நல்லது. அடுத்த தடவை நான் உசிலம்பட்டிக்கு வருவது ஒரு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். உங்கள் ஊரில் இறங்கி வீட்டை விசாரித்து வருகிறேன். நீங்கள் பூசைக்குப் போய்விட்டு மெதுவாக வாருங்கள்.